நுழைவுச்சீட்டு இல்லாத ரசிகருக்கும் ஆட்டம் உண்டு

உலகின் மிகப் பெரிய டென்னிஸ் அரங்கான நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்கில் 23,000-க்கும் சற்று அதிகமானோர் அமரலாம். விம்பிள்டனின் மைய ஆடுகளத்தில் ஏறத்தாழ 15,000 பேருக்குத்தான் இடம். கண்டங்கள் தோறும் ரசிகர்களைக் கொண்ட ஒரு விளையாட்டின் இறுதி ஆட்டத்துக்கு இருக்கும் இருக்கைகள் இவ்வளவே. ஆகவே, டென்னிஸ் ரசிகர்களில் மிகப் பெரும்பாலானோர் நுழைவுச்சீட்டு இல்லாதவர்கள். அவர்களில் நானும் ஒருவன்.

நான் வசிப்பது காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தாமலில். பெரிய ஏரிக்காகவும் பழமையான கோயில்களுக்காகவும் அறியப்பட்ட ஊர் இது. டென்னிஸுக்கும் இவ்வூருக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனால், நுழைவுச்சீட்டு இல்லாதவர் ஒரு பெரும் போட்டியை எந்த அளவுக்கு அனுபவிக்க முடியும், எங்கே அவருக்குக் கதவு அடைக்கப்படுகிறது என்பதை இங்கிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது.

நமக்கு மிக அருகில் நடந்த பெரும் போட்டி சென்னை ஓபன். நுங்கம்பாக்கம் அரங்கில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடைபெற்ற ஆடவர் போட்டி அது. பாட்ரிக் ராஃப்டர், கார்லோஸ் மோயா, ஸ்டான் வாவ்ரிங்கா ஆகியோர் அங்கே பட்டம் வென்றார்கள். 2008 இறுதி ஆட்டத்தில் ரஃபேல் நடால் தோற்றதும் அங்கேதான். அப்போதும் எங்களைப் போன்றவர்களுக்கு நுழைவுச்சீட்டின் விலை மட்டுமே செலவாக இருக்கவில்லை. மாலையில் தொடங்கும் ஆட்டங்கள் இரவு வெகுநேரம் நீளும். 80 கி.மீ.க்கும் அதிகமான தொலைவு திரும்பி வரப் பேருந்து கிடைக்க வேண்டும். மறுநாள் வேலையும் இருக்கும். 2018-இல் போட்டி புணேவுக்குச் சென்றது. 2024-இல் அதன் இடத்தை ஹாங்காங் பெற்றது. மகளிருக்கான சென்னை ஓபன் 2022-லும் 2025-லும் நடைபெற்றது மட்டுமே ஆறுதல்.

நேரில் பாராமலேயே ஓர் ஆட்டத்தை நேசிப்பது தமிழ் ரசிகருக்குப் புதிதன்று. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆடவர் ஒற்றையர் அரையிறுதியை எட்டினார். முதலாம் ஆண்டில் நீல் ஃபிரேசரிடமும், அடுத்த ஆண்டில் ராட் லேவரிடமும் தோற்றார்; இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையமே இல்லை. அது 1975-இல்தான் வந்தது. வானொலிச் செய்தியையும் மறுநாள் நாளிதழையும் கொண்டே ஒரு தலைமுறை அந்த ஆட்டங்களைத் தன்னுடையதாக்கிக் கொண்டது.

இன்று வசதிகள் அதிகம். முதலில், நேரத்தை அறிந்துகொள்ள வேண்டும். ஜனவரியில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓபனின் பகல் ஆட்டங்கள் நமக்கு அதிகாலை 5.30 மணியளவில் தொடங்கும். அங்குள்ள இரவு ஆட்டம் நமக்குப் பிற்பகல் 1.30. பிரெஞ்சு ஓபன் பிற்பகல் 2.30 மணிக்கும், விம்பிள்டனின் வெளி ஆடுகளங்கள் 3.30 மணிக்கும், மைய ஆடுகளம் மாலை 6 மணிக்கும் உயிர்பெறும். அமெரிக்க ஓபன்தான் நம் உறக்கத்தைக் கெடுக்கும்; அதன் இரவு ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடியற்காலை 4.30. வேலைக்குச் செல்பவருக்கு மிகவும் உகந்தது விம்பிள்டன் என்பது என் அனுபவம்.

அடுத்தது, காதால் பார்ப்பது. விம்பிள்டன் ஆட்டங்களை பி.பி.சி. வானொலி 1927 முதல் வர்ணித்து வருகிறது. ஆஸ்திரேலிய, அமெரிக்க ஓபன்களும் விம்பிள்டனும் தங்கள் இணையதளங்களில் கட்டணமில்லா வானொலி வர்ணனையை வழங்கி வந்திருக்கின்றன. இதற்குத் தேவையான இணையத் தரவு காணொலிக்குத் தேவைப்படுவதில் ஒரு சிறு பங்குதான். தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரின் கண்ணும் கையும் காலும் ஓய்வற்றிருக்கும். காது மட்டுமே அவருக்கு மிச்சம். அத்தகைய தொழில் செய்வோர் நிறைந்த இப்பகுதிக்கு வானொலியே பொருத்தமான அரங்கு. வர்ணனை ஆங்கிலத்தில் இருந்தாலும், புள்ளிக்கணக்கு முறையையும் ஐம்பது சொற்களையும் பழகிக்கொண்டால் ஆட்டத்தின் போக்கு பிடிபட்டுவிடும். காணொலி வேண்டுவோருக்கு, ஆட்டம் முடிந்தபின் சில நிமிடச் சுருக்கம் யூடியூபில் கிடைக்கிறது.

நுழைவுச்சீட்டு இல்லாதவர்களைப் போட்டி நடத்துவோர் எப்படி நடத்துகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. விம்பிள்டனில் முன்பதிவு செய்யாதவர்களும் அருகிலுள்ள பூங்காவில் வரிசையில் நின்று, எண்ணிட்ட அட்டை பெற்று, அன்றன்றைக்கு நுழையலாம். வளாகத்துக்குள் செல்ல மட்டும் அனுமதி பெற்றவர்கள், மைய ஆடுகளத்தில் இடமில்லாவிட்டாலும், புல்மேட்டில் அமர்ந்து பெரிய திரையில் ஆட்டத்தைக் காண்கிறார்கள். அமெரிக்க ஓபன் அண்மை ஆண்டுகளில் தகுதிச்சுற்று வாரம் முழுவதும் பொதுமக்களைக் கட்டணமின்றி அனுமதிக்கிறது.

காஞ்சிபுரத்தாருக்கு இது எளிதில் விளங்கும். 2019 ஜூலை 1 அன்று வரதராஜப் பெருமாள் கோயிலில், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அத்திவரதர் தரிசனம் தொடங்கியது. அதே நாளில்தான் அவ்வாண்டின் விம்பிள்டனும் தொடங்கியது. இங்கும் வரிசை, அங்கும் வரிசை. ஆயினும், நம் கோயில்கள் வரிசையோடு நின்றுவிடவில்லை. கருவறைக்குள் எல்லோரும் செல்ல இயலாது என்பதை உணர்ந்துதான், உற்சவரை வீதிக்கு எழுந்தருளச் செய்யும் வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். வைகாசி கருட சேவையன்று வரதரைத் தரிசிக்க வீதியில் நின்றால் போதும். விளையாட்டில் இந்த வீதியுலாவுக்கு நிகரானது, கட்டணமில்லாத் தொலைக்காட்சி ஒளிபரப்பு.

பிரிட்டன் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டத்தின்படி, விம்பிள்டன் இறுதி ஆட்டங்கள் அனைவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டிய நிகழ்ச்சிகளின் பட்டியலில் உள்ளன. நம் நாட்டிலும் இதற்கான அடித்தளம் உண்டு. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டு நிகழ்ச்சிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என 2007-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட பட்டியலில் கிரிக்கெட் மட்டுமன்றி, இந்தியா ஆடும் டேவிஸ் கோப்பை ஆட்டங்களும் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதி ஆட்டங்களும் இடம்பெற்றன.

எனினும், பகிர்ந்துகொள்ளப்பட்ட ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தனது தரைவழிச் சேவையிலும் கட்டணமில்லா டிஷ் சேவையிலும் மட்டுமே காட்டலாம். தனியார் கேபிள், டி.டி.எச். வழியாகக் காட்ட முடியாது என 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமைக்காகப் பெருந்தொகை செலுத்திய நிறுவனத்தின் நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. ஆனால், விளைவு என்ன? கேபிள் இணைப்பு வைத்திருக்கும் வீட்டுக்குச் சட்டத்தின் பயன் சென்று சேர்வதில்லை. தமிழக அரசு 2006 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. பெட்டி வீட்டுக்கு வந்தது. ஆட்டம் கட்டணத்துக்குப் பின்னால் நின்றுகொண்டது.

கிரிக்கெட்டுக்கு இது பெரிய பாதிப்பன்று; அதை எல்லோரும் ஏற்கெனவே அறிவார்கள். இழப்பு டென்னிஸ் போன்ற விளையாட்டுகளுக்குத்தான். ராமநாதன் கிருஷ்ணனுக்குப் பின் விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் எனத் தொடர்ந்த தமிழக மரபு, பெரும்பாலும் ஆடுகளம் அருகிலிருந்த நகரத்துக் குடும்பங்களுக்குள்ளேயே வளர்ந்தது. ஊராட்சிப் பள்ளியில் படிக்கும் சிறுமி ஒருமுறைகூடக் காணாத ஆட்டத்தை, தானும் ஆட வேண்டும் என்று எப்படி விரும்புவாள்?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பட்டியலில் உள்ள கிராண்ட் ஸ்லாம் இறுதி ஆட்டங்களை, அனுமதிக்கப்பட்ட கட்டணமில்லாச் சேவையில், தமிழ் வர்ணனையோடு தூர்தர்ஷன் தவறாமல் ஒளிபரப்ப வேண்டும். அதை முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். ஆண்டுக்கு நான்கு போட்டிகள், ஆடவர், மகளிர் என எட்டு இறுதி ஆட்டங்களே. விம்பிள்டன் இறுதி நாளில் மட்டுமாவது, உரிய அனுமதி பெற்று, மாவட்டத் தலைநகரங்களில் பொதுத் திரை அமைப்பதை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பரிசீலிக்கலாம். முன்பு ஊருக்கு ஒரு பஞ்சாயத்து வானொலி இருந்தது. அதன் முன்னே கூடி அமர்ந்து கேட்ட சமூகம் நம்முடையது.

நுழைவுச்சீட்டு என்பது ஓர் இருக்கைக்கான விலை. அதைக் கொடுத்தவர் அந்த இருக்கையில் அமரட்டும். ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு, இருக்கை கிடைக்காதவருக்கும் இருக்க வேண்டும்.