மலாயாவுக்குச் சென்ற எழுதுகோல்

யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் மலாயா என்னும் சொல்லைத் தவிர்த்து அதனை எழுதிவிட முடியாது. மலாயாவில் உழைத்து இளைப்பாறி, பென்சனோடு ஊர் திரும்பியவர்கள் ஒரு தலைமுறைக்காலம் நம் கிராமங்களின் பெரிய மனிதர்களாக விளங்கினர். அவர்களது கதை, ஊக்கமுடைய மக்கள் கடல் கடந்து உயர்ந்த கதையாகவே பெரிதும் சொல்லப்பட்டு வந்துள்ளது. அவ்வூக்கத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் அத்திறமையை ஆக்கியவர் யார், பயன்கொண்டவர் யார், ஊருக்கு எஞ்சியது யாது என்னும் வினாக்களையும் எழுப்புதல் நம் கடனாகும்.

1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் கற்பிக்கப்பட்டன. மதப்பணிக்கு ஆள் தேடியே அது அமைக்கப்பட்டது. மாணவரோ ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கு ஏணியாக்கிக் கொண்டனர். 1855 இல் செமினரி மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஆங்கிலக் கல்வியின் மீது எழுந்த வேட்கை அதனோடு மூடப்படவில்லை. மிசன் பள்ளிகளோடு சைவர்களும் போட்டியிட்டு ஆங்கிலப் பாடசாலைகளை எழுப்பினர்.

கற்றவர்களுக்கு வேலை எங்கே? ஆறில்லாத குடாநாட்டில் கிணற்று நீரை நம்பிய தோட்டக்காணிகள் சீதனமாகப் பிரிந்து பிரிந்து சிறுத்தன. 1869 இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரைச் சில ஆண்டுகளில் அழித்தது. அரசாங்க வருவாய் வீழ்ந்தது. கொழும்பிலும் உத்தியோகங்கள் அரிதாயின. அதே காலத்தில், 1874 ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின் பின், பிரித்தானியர் மலாய் அரசுகளுக்குள் கால் பதித்தனர். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லப் புகையிரதம் வேண்டியிருந்தது. நிலத்தை அளக்கவும் கணக்கெழுதவும் தபால் நடத்தவும் ஆங்கிலம் அறிந்த கைகள் வேண்டியிருந்தன. 1885 இல் தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் வரை மலாயாவின் முதற் புகையிரதம் ஓடிற்று. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதப்பாதை இணைந்தது 1905 இலேதான். சொந்த ஊர் புகையிரதத்தைக் காணுமுன்னரே நம்மவர் பிறநாட்டுப் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தனர்!

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது நம்மவர் முதுமொழி. அந்தக் கோறணமேந்து ஏணியில் அவர்களுக்கு அளிக்கப்பட்டது நடுப்படி மாத்திரமே. மலாய் அரசுகளின் உயர் நிருவாகச் சேவை 1904 ஆம் ஆண்டு விதியால் தூய ஐரோப்பிய வமிசத்தாருக்கென ஒதுக்கப்பட்டது. எத்துணைத் திறமை இருப்பினும் கறுத்த தோல் அந்தக் கதவைத் தாண்ட முடியவில்லை. கீழ்ப்படியிலோ, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் இறப்பர்த் தோட்டங்களில் வெயிலிலும் மலேரியாவிலும் மடிந்தனர். இருவர் பேசியதும் தமிழே. ஆயினும் எழுத்தர் தமக்கெனச் சங்கமும் கோயிலும் அமைத்துக்கொண்டு, தோட்டத்துத் தமிழரிலிருந்து தம்மை வேறாகவே எண்ணினர். மேலே மறுக்கப்பட்டவன் கீழே நோக்கிப் பெருமை கொள்வது குடியேற்ற ஆட்சிக்கு வாய்ப்பாயிற்று.

ஊருக்கு வந்த மணியோடர் கல்வீடாகவும் நகையாகவும் சீதனமாகவும் மாறியது. கோயில்கள் புதுக்கப்பட்டன, பாடசாலைகளும் எழுந்தன. இவை நன்மையே. ஆனால் பத்துப்பேருக்கு வேலை தரும் தொழிற்சாலையாக அப்பணம் மாறியது அரிது. ஆங்கிலப் பாடசாலையின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்கவேண்டுமென 1929 அளவில் வற்புறுத்தப்பட்டபோதுகூட யாழ்ப்பாணத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. படிக்கவிடாதவனுக்குக் கப்பலும் இல்லை.

1942 இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். மூன்றாண்டுக்கு மேல் அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே தபாலும் பணமும் அறுந்தன. பிறநாட்டுச் சம்பளத்தில் தங்கிய வாழ்வின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது. 1957 இல் மலாயா விடுதலை பெற்றது. அந்நாட்டு மக்கள் தம் உத்தியோகங்களைத் தாமே ஏற்றது நீதியே. அங்கேயே வேரூன்றியோர் அந்நாடுகளின் மக்களாயினர். 1915 இல் வட்டுக்கோட்டையிற் பிறந்த சி. இராசரத்தினம் 1965 இல் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரானார்.

பழைய பாதை அடைபட்டது. புதிய பாதைகள் திறந்தன. 1967 இல் கனடா கல்விக்கும் தொழிற்றிறனுக்கும் புள்ளியிட்டு ஆட்களைத் தேரும் முறையைக் கொணர்ந்தது. பின்னர் பிற நாடுகளும் அவ்வழி சென்றன. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே வைத்தியரும் பொறியியலாளரும் நாட்டைவிட்டு வெளியேறினர். 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வி, ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் இப்பதவிகளுக்கு உயர்த்தியது. கமக்காரனும் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும் செலுத்திய வரியிலே உருவான வைத்தியரைச் செல்வநாடொன்று செலவின்றிப் பெறுகின்றது. வைத்தியரில்லாத ஆசுபத்திரி வாசலில் காத்திருப்பவளோ, அதே தோட்டத்துப் பெண்தான்.

போகின்றவரை நாம் குறை கூறோம். பசியும் அச்சமும் அநீதியும் துரத்தும்போது இருந்துவிடு எனச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. மலாயாவுக்குப் போனவர்களையும் வறண்ட காணியே அனுப்பியது. ஆனால் திறமையை விளைவித்து ஏற்றுமதி செய்வதையே பெருமையாகக் கொள்ளும் சமுதாயம் தன் வீட்டு விளக்கை அயலில் ஏற்றுகின்றது. கற்றவனுக்கு மதிப்பும், உழைப்பவனுக்கு நியாயமான கூலியும், எவ்வினத்தவனுக்கும் எச்சாதியினனுக்கும் சம இடமும் உள்ள நாட்டை இங்கே ஆக்குவோமாயின், போவது அவரவர் விருப்பமாகும். இன்றுபோல் விதியாக இராது.