களிக் கொப்பரையின் சரித்திரம்

இத்தாலி தேசத்தில் கோடையும் அறுவடைக் காலமும் வந்துவிட்டால், சிற்றூர்கள்தோறும் 'சாக்ரா' என்னும் ஊர்விருந்து நடைபெறுகின்றது. ஊர்ச் சதுக்கத்திலே நீண்ட மேசைகள் வரிசையாக இடப்படுகின்றன. பெரிய செம்புக் கொப்பரையில் மக்காச்சோள மாவு கொதிக்க, ஆடவர் முறைவைத்து மரத்துடுப்பினாற் கிளறுகின்றனர், பெண்டிர் மாப் பிசைகின்றனர், வாலிபர் பரிமாறுகின்றனர். இவர்களிற் கூலி பெறுவோர் இலர். எல்லோரும் ஊருக்காகத் தாமே முன்வந்து உழைக்கும் தொண்டர்கள். அங்கே பரிமாறப்படுவது பிரபுக்களின் உணவுமன்று. நம் கேழ்வரகுக் களியை ஒத்த 'பொலெந்தா', அவரைக் குழம்பு, காய்ந்த ரொட்டியைக் கீரையோடு மீண்டும் வேகவைத்த 'ரிபொல்லீத்தா' முதலிய குடியானவர் உணவுகளே அவை. பட்டணத்தார் மோட்டாரில் வந்து, காசு கொடுத்து, இவற்றை விரும்பி உண்கின்றனர். ஆயின், விரும்பியா இவ்வுணவு முதலில் உண்ணப்பட்டது? சரித்திரம் கூறும் விடை வேறு.

சாக்ரா என்னுஞ் சொல், புனிதம் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லினின்று பிறந்தது. ஆதியில் அது கிறிஸ்தவக் கோயிலைப் பிரதிஷ்டை செய்த நாளைக் கொண்டாடும் விழா. காலப்போக்கில் புனிதர் பெயருக்குப் பின்னே நின்ற சோற்றுப் பண்டம் முன்னே வந்தது. ரோமாபுரிக்கு அருகிலுள்ள மரீனோ என்னும் ஊரில் 1925-இல் திராட்சை விழா தொடங்கிற்று. பாசிஸ்ட் சர்க்கார் 1930 முதல் தேசமெங்கும் திராட்சை விழா நடத்தி, ஊர்விழாவையும் தன் பிரசாரக் கருவியாக்கிக்கொண்டது. இன்றைய விருந்துகளை நடத்துவன பெரும்பாலும் 'ப்ரோ லோகோ' என்னும் ஊர்ச் சங்கங்களே. இவற்றுள் முதலாவது 1881-இல், அக்காலத்தில் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த பியேவே தெசீனோவிலே தோன்றியது. 1962-இல் இச்சங்கங்கள் ஒரு தேசிய ஒன்றியமாக இணைந்தன.

இனிக் கொப்பரைக்கு வருவோம். மக்காச்சோளம் அமெரிக்காக் கண்டத்தினின்று 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வடபாகத்து ஏழைகளுக்கு அதுவே முக்கிய உணவாயிற்று. காரணம் அதன் சுவையன்று. கோதுமையைவிட அது மிகுந்த விளைவைத் தந்தது. குடியானவன் கோதுமையும் விதைத்தான். ஆனால் வடபாகத்திலே அதை நிலக்குத்தகையாக அளந்துவிட்டு, மக்காச்சோளத்தைத் தின்றான். மத்திய இத்தாலியிலோ, விளைந்ததிற் பாதி நிலப்பிரபுவுக்கு என்னும் வார முறை இருந்தது. இவை போதாவென்று புதிய இத்தாலிய சர்க்கார் 1869 முதல் தானியம் அரைப்பதற்கே வரி விதித்தது. ஏழையின் சோளமாவும் அவ்வரிக்குத் தப்பவில்லை. குடியானவர் கிளர்ந்தெழுந்தனர், பட்டாளம் ஏவப்பட்டு, 200 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வரி முற்றும் ஒழிந்தது 1884-இலேதான்.

மூன்று வேளையும் களியன்றி வேறறியாத அம்மக்களைக் கொடிய நோயொன்று பற்றிற்று. தோல் வெடித்துக் கறுத்தது, வயிறு கழிந்தது, இறுதியிற் புத்தி பேதலித்தது. 1771-இல் பிரான்செஸ்கோ பிரப்போல்லி என்னும் மிலான் வைத்தியர் இதற்குப் 'பெலாக்ரா' என்று பெயரிட்டு எழுதினார். கரடுபட்ட தோல் என்பது அதன் பொருள். ஜெர்மானியக் கவிஞர் கதே 1786-இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வருகையில், வழியிற் கண்ட மக்களின் வெளிறிய முகத்திற்கு அவர்கள் உண்ணும் களியே காரணமென எழுதினார். 1881-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நோயாளர் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டிருந்தனர். வெனிஸ் நகரையடுத்த சான் செர்வோலோத் தீவின் பைத்திய ஆஸ்பத்திரிக்கு இவர்களிற் பலர் அனுப்பப்பட்டனர். வயிற்றுக் குறையால் வந்த நோய்க்குப் பைத்திய விடுதியே புகலாயிற்று!

கெட்டுப்போன சோளத்தில் ஊறும் நஞ்சே நோய்க்குக் காரணமென்று லொம்ப்ரோசோ என்னும் பேரறிஞர் வாதித்தார். வேறு சிலரோ, வறுமையும் ஒரே உணவுமே காரணம் என்றனர். முதற் கொள்கைக்குச் சோளத்தைக் காயவைத்தாற் போதும். இரண்டாவதற்கோ நிலவுடைமையையே தொடவேண்டும். எது ஆள்வோர்க்கு எளிதாயிருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். அமெரிக்காவில் 1914-இல் ஆராய்ச்சியைத் தொடங்கிய ஜோசப் கோல்ட்பெர்கர், குறையுள்ள உணவே இந்நோயைத் தருவதென நிலைநாட்டினார். குறைந்த சத்து நிக்கோட்டினிக் அமிலம் என்பதை 1937-இல் கான்ராட் எல்வியெம் காட்டினார். மெக்ஸிகோவின் பூர்வகுடிகள் நெடுங்காலமாகவே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அச்சத்து உடலிற் சேரும்படி செய்துகொண்டிருந்தனர். ஐரோப்பியர் அவர்களுடைய விதையைக் கொண்டுவந்தனர், பக்குவத்தைக் கொண்டுவரவில்லை.

இச்செய்தி மலாயாவிலுள்ள நமக்குப் புதிதன்று. இந்நாட்டில் தீட்டிய வெள்ளையரிசியையே பெரிதும் உண்டவர்களை 'பெரிபெரி' வாட்டிய காலத்தில், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அதிகம் அணுகவில்லை. இங்கும் அரிசியிலுள்ள நஞ்சே காரணம் என்றோர் இருந்தனர். கோலாலம்பூர்ப் பைத்திய ஆஸ்பத்திரியில் 1905-இல் வில்லியம் பிளெட்சர் இருவகை அரிசியையும் தனித்தனியே கொடுத்துச் சோதித்தார். புழுங்கலரிசியின் மேன்மை வெளிப்பட்டது. ஏழையின் அடுக்களைப் பக்குவம் எவ்வளவு அறிவுடையது என்பதற்கும், அப்பக்குவம் அற்ற ஒற்றைத் தானியம் எவ்வளவு கொடியது என்பதற்கும் இவ்விரண்டும் சான்று.

1876 முதல் 1915 வரை இத்தாலியை விட்டுப் பிழைப்புத் தேடிச் சென்றோர் சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம். எஞ்சியோர்க்கு மெல்ல மெல்ல உணவு திருந்திற்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் பெலாக்ரா அந்நாட்டில் அருகி மறைந்தது. 1964-இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்தது. களியை உண்டே தீரவேண்டுமென்ற நிர்ப்பந்தம் நீங்கிய பின்னரே அது விருந்தாயிற்று.

இவ்விருந்துகளிற் சில, பழைய தர்மப் பிரபுக்களின் பெயரைச் சொல்லி நடப்பன. வெரோனா நகரில் 1531-ஆம் ஆண்டுப் பஞ்சத்தையொட்டித் தொமாசோ தா வீக்கோ என்பவர் சான் சேனோப் பேட்டையின் ஏழைகளுக்கு மாவும் மதுவும் அளித்தார் என்ற மரபுரையின் மேல், 'ஞோக்கி' என்னும் மாவுருண்டைத் திருவிழா இன்றும் நடக்கின்றது. கொடுத்தவர் பெயர் நிலைத்தது. பசித்தவர் பெயர் ஒன்றேனும் நிலைக்கவில்லை. எங்கும் தர்மத்தின் கதை இவ்வாறே எழுதப்படுகிறது.

தொண்டர் நடத்தும் விருந்திலோ கொடுப்போரும் உண்போரும் ஓரூரினரே. அங்கே பிரபுவின் கருணைக்கு இடமில்லை. 1945-இல் இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியார் தம் 'லூனித்தா' பத்திரிகைக்காகத் தொடங்கிய விழாக்களிலும் தொழிலாளரே சமைத்துத் தொழிலாளரே பரிமாறி நிதி திரட்டினர். சாதாரண மனிதர் ஒன்றுகூடித் தம் கைகளாலேயே ஊரை நடத்த வல்லவர் என்பதற்கு இவை நல்ல உதாரணங்களாம். சீர்திருத்தம் நாடுவோர் கற்கவேண்டிய பாடமும் இதுவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய உணவைப் போற்றுவது வேறு. அவ்வுணவையன்றி வேறொன்றும் கிட்டாத பழைய வாழ்வைப் போற்றுவது வேறு. 'அக்காலத்தார் எளிமையாக உண்டு இன்பமாக வாழ்ந்தனர்' என்று விருந்துண்ட களிப்பிற் பேசுவது எளிது. அவ்வெளிமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. கொப்பரையைச் சுற்றிக் கூடுவோர், அக்களியை மட்டுமே உண்டு நோயுற்ற லட்சம் பேரின் கணக்கையும் அதனருகே ஒரு பலகையில் எழுதிவைக்கட்டும். விருந்தின் சுவை அதனாற் குறைந்துவிடாது.