பச்சைத் தண்ணி

பைக்கில் கூலன்ட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாத்தணும் என்ற கேள்வி ஓசூருக்குப் புதிது. 1980-இல் இங்கிருந்து டிவிஎஸ் 50 வெளியே வந்தது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக டிவிஎஸ் இங்கே செய்த எந்த மொபெட்டுக்கும் பைக்குக்கும் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும். வண்டி ஓடினால் காற்று பட்டுச் சூடு இறங்கும், அவ்வளவுதான். 2013-இல் பிஎம்டபிள்யூவோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஜி 310 ஆர் ஓசூரில் தயாராகி வெளிநாடு போனது. 2017 டிசம்பரில் அதே குடும்பத்து எஞ்சினோடு அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தது. டிவிஎஸ்ஸின் முதல் கூலன்ட் வண்டி அதுதான்.

ஆனால் ரேடியேட்டர் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1980-லேயே அசோக் லேலண்டும் இங்கே தொழிற்சாலை போட்டுவிட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறும் லாரிக்காரர்களுக்கு ரேடியேட்டரில் ஊற்ற ஒரு கேன் தண்ணி போதும். ஷெட்டுகளில் இன்றைக்கும் கேட்கிற “கொஞ்சம் கம்மியா இருக்குணா, தண்ணி ஊத்திடவா?” அந்த லாரிப் பழக்கத்தின் மிச்சம் என்றே நினைக்கிறேன். பழைய லாரி எஞ்சின் கனமான வார்ப்பிரும்பு. துரு பிடிக்கும், தண்ணி செம்மண் நிறமாகும், இருந்தாலும் ஓடும். பைக் எஞ்சின் அலுமினியம். ரேடியேட்டர் குழாய்களும் மெல்லியவை.

இங்கே தண்ணியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டருக்கு வில்லன்கள் வேறு. கால்சியம் படிந்து குழாயை அடைக்கும், குளோரைடு அலுமினியத்தில் பொத்தல் போடும். பாறையைத் துளைத்து எடுக்கும் போர் தண்ணியில் இரண்டும் இருக்கும். இன்னொன்று, ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் இங்கே தண்ணி 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

கூலன்ட்டின் அடிப்படை எத்திலீன் கிளைகால். 1850களில் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் உருவாக்கியது. 1927-இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் கார்களுக்கு விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் குளிர்நாட்டுக்காரர்கள் ஆல்கஹால் ஊற்றினார்கள், அது சூட்டில் ஆவியாகிப் போனது. கிளைகாலும் தண்ணியும் பாதிப்பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஓசூரில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நமக்கு வேண்டியது அதன் இன்னொரு முனை: கடல்மட்டத்தில் மூடியின் அழுத்தம் இல்லாமலே 107 டிகிரி வரை கொதிக்காது. அத்திப்பள்ளியில் வண்டி நகராமல் நிற்கும்போது அந்தச் சில டிகிரி பெரிய விஷயம்.

கிளைகால் சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை. ஆனால் சூட்டிலும் காற்றிலும் மெல்ல ஆக்சிஜனேற்றம் ஆகி அமிலமாகும். அந்த அமிலத்தைச் சமாளிக்கவும் உலோகத்தின்மேல் ஒரு படலம் போடவும் சேர்த்த உப்புகள்தான் தீர்ந்துபோகின்றன. சிலிகேட், பாஸ்பேட் போட்ட பழைய பச்சைக் கூலன்ட்டில் அவை இரண்டு வருடம் மாதிரி தாங்கும். ‘ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை’ என்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். 1990களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்கானிக் அமிலங்களைக் கொண்ட டெக்ஸ்-கூலைக் கொண்டுவந்தது, ஐந்து வருடம் என்றார்கள். ஐரோப்பியர்கள் கடின நீரில் பாஸ்பேட் படியும் என்று அதை ஒதுக்கினார்கள். ஜப்பானியர்கள் சிலிகேட் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று அதைத் தவிர்த்தார்கள். இன்றைக்கு ஓசூரில் ஒரே ஷெட்டில் ஜெர்மன் வழி எஞ்சின், யமஹா ஆர்15, கேடிஎம் டியூக் மூன்றும் நிற்கின்றன. மெக்கானிக் கையில் ஒரே கேன்! நிறத்தைப் பார்த்து ஊற்றினாலும் பயனில்லை. நிறம் வெறும் சாயம், அதற்குப் பொது விதி எதுவும் கிடையாது.

என் கணக்கு இது: மேனுவல் சொல்லும் வகையை மட்டும் ஊற்ற வேண்டும். அது கிலோமீட்டர், வருடம் இரண்டும் சொன்னால் எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடாமல் நிற்கிற வண்டியிலும் உப்புகள் கரைந்துகொண்டுதான் இருக்கும். கிலோமீட்டர் ஓடலையே என்று தள்ளிப்போடக் கூடாது. யாராவது போர் தண்ணி ஊற்றியிருந்தால் கணக்கே முடிந்தது, முழுசாக இறக்கிவிட்டு மாற்ற வேண்டியதுதான். அவசரத்துக்கு ஊற்றுவதானால் பேட்டரிக்குப் போடும் காய்ச்சி வடித்த நீர் பரவாயில்லை.

மாற்றும்போது பழையதை எங்கே ஊற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். கிளைகால் இனிக்கும். சாக்கடையோரம் தேங்கினால் தெருநாய் நக்கும், சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். ஒரு டப்பாவில் பிடித்து மூடி வைக்கச் சொல்லுங்கள்.