கோண்டுவானா நிலம்

மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் காட்டுப்பகுதியின் பெயர் கோண்டுவானா. இனப்பெயரோடு வடமொழியின் ‘வன’ சேர்ந்து அமைந்தது. ‘வன’மே இடத்தைக் குறிக்கையில், பழங்கண்டத்தின் பெயரில் அதன் பின்னால் ‘நிலம்’ எதற்கு, கூறியது கூறல் அல்லவா என்று கேட்பதுண்டு. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஆட்சேபம் சரி. அது வந்த வழியைப் பார்த்தால் நிற்காது. 1870களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி மெட்லிகாட் இப்பெயரைச் சூட்டியது கண்டத்துக்கு அல்ல, நிலக்கரி பொதிந்த ஒரு பாறைத் தொகுதிக்கு. அப்பாறைகளில் குளோசாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் இலைப்படிவங்கள் நிறைந்துள்ளன. அதே இலை தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஒருகாலத்தில் ஒரே நிலம் என்று முடிவுகட்டிய நிலவியலாளர் எடுவார்ட் சூயஸ், 1885இல் அதைக் கோண்டுவானா நிலம் என்றார். அதாவது, கோண்டுவானாப் பாறைகள் காட்டித்தரும் நிலம். பாறையையும் கண்டத்தையும் பிரித்துச் சொல்ல அந்த ஒட்டு தேவைப்பட்டது.

சூயஸின் விளக்கமே பிழையாயிற்றே, பெயரை மட்டும் ஏன் காக்க வேண்டும் என்பது இதைவிட வலுவான கேள்வி. இடைப்பட்ட நிலம் கடலில் அமிழ்ந்தது என்று அவர் எண்ணினார். உண்மையில் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிளந்து, துண்டுகள் விலகி நகர்ந்தன. ஆனால் அப்பெயர் சாட்சி சொல்வது நிலம் ஒன்றாக இருந்ததற்குத்தான், பிரிந்த விதத்துக்கு அல்ல. அந்தச் சாட்சியத்தைப் பிற்பாடு அண்டார்க்டிகாவில் கிடைத்த குளோசாப்டெரிஸ் படிவங்களும் உறுதிசெய்தன.