பழைய மெசி வாங்கப் போறீங்களா? முதல்ல நம்பரைப் பாருங்க

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். காலபோகம் நெருங்குகிறது. பாவித்த உழவு இயந்திரம் தேடி இரணைமடுப் பக்கம் பலர் அலைகிறார்கள். நானும் போன மாதம் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மெசி பேர்குசன் 135 பார்க்கப் போனேன். வாங்காமல் திரும்பி வந்தோம். ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த மெஷின்கள் நமது வயலுக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும். வரலாறு படிப்பிக்கிறவனுக்கு அப்படித்தான் தொடங்க வரும்.

இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கியது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டி முடிக்க ஏறத்தாழ 20 வருடம் பிடித்தது. 1936 இல் யாழ்ப்பாணத்து நெரிசலைக் குறைக்கக் குடியேற்றத் திட்டம் வந்தது, கிளிநொச்சிப் பட்டினம் உருவானது. அணைக்கட்டை உயர்த்த உயர்த்த வாய்க்கால்கள் நீண்டன, வயல் பெருகியது. எருமையும் மாடும் மட்டும் வைத்து அவ்வளவு நிலத்தையும் காலத்தோடு உழுது முடிக்க ஏலாது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் கொவன்ரி நகரில் ஹரி பேர்குசன் என்ற அயர்லாந்துக்காரரின் சின்னச் சாம்பல் நிற ட்ரக்டர் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. 1946 முதல் 1956 வரை 5 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கலப்பையைப் பின்னால் கட்டி இழுக்காமல், மூன்று புள்ளியில் கொழுவி, ஹைட்ரோலிக்கால் தூக்கி இறக்கும் முறையை உலகம் முழுவதும் பரப்பியது அவர்தான். இன்று நாம் கொத்துக்கலப்பை பூட்டுவதும் அதே முறையில்தான். 1953 இல் அவருடைய கம்பனி கனடாவின் மெசி ஹரிஸோடு சேர்ந்தது. பிறகு மெசி 35 வந்தது, 1964 இல் மெசி 135 வந்தது.

நம்பர் தகட்டிலும் வரலாறு இருக்கிறது. பழைய மெஷின்களில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். 1957 இல் அந்த எழுத்து வந்தபோது வடக்கில் எவ்வளவு எதிர்ப்பு நடந்தது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வயலில் நிற்கிற ட்ரக்டரைத்தான் காட்டுவேன்.

1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு மறித்தது. வடக்கு விவசாயியின் கையில் காசு புழங்கிய காலம் அது. வாப்பாவும் மிளகாய்க் காசைச் சேர்த்துவைத்துத்தான் 1979 இல் பாவித்த மெசி 35 ஒன்று வாங்கினார். பகலில் உழவு, இரவில் சூடடிப்பு. ஊரில் கலியாணம் என்றால் பெட்டி பூட்டிச் சனத்தை ஏற்றுவதும் அதுதான்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். நான் கைக்குழந்தை. மெஷின் முற்றத்தில் நின்றது, திறப்பு அதிலேயே இருந்தது. உம்மா பதிவுப் புத்தகத்தை மட்டும் சீலைக்குள் சுற்றிக்கொண்டு புத்தளம் போய்ச் சேர்ந்தார். அந்தப் புத்தகம் இன்றும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. மெஷின் இல்லை.

இங்கே நின்ற சனத்துக்கும் நிம்மதி இல்லை. பொருளாதாரத் தடை காலத்தில் டீசல், பற்றரி, உரம் எல்லாம் மறிபட்டன. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் எத்தனை! இரண்டு பழுதான மெஷினைக் கழற்றி ஒன்றாக்கி ஓட்டிய மெக்கானிக்மாருக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. 2008 கடைசியில் அதே மெஷின்கள் பெட்டியில் பாயும் பாத்திரமும் கிழவிகளும் பிள்ளைகளுமாகத் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்தன. கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் விட்டுவிட்டு, சனம் உடுத்த உடுப்போடு நடந்தது. எரிந்தவை போக, மிஞ்சியவை மழையில் கறள் பிடித்தன, இரும்புக்கு விலைப்பட்டன, சில கைமாறின.

2020 இல் வாகன இறக்குமதி மறிபட்டதும் பாவித்த வாகனங்களின் விலை ஏறியது. அதனால் வாங்கப் போகிறவர்களுக்குச் சில விசயம்:

1. எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போதே போங்கள். நீங்கள் வர முன்னரே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

2. ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி மாதிரி இருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

3. மெசி 35 இல் முதலில் வந்தவை 4 சிலிண்டர் டீசல் எஞ்சின். பிறகுதான் 3 சிலிண்டர் பேர்க்கின்ஸ் வந்தது. 135 இலும் 3 சிலிண்டர் பேர்க்கின்ஸ்தான். 1960 இல் சென்னையில் தொடங்கிய டாபே கம்பனி மெசி உடன்படிக்கையில் ட்ரக்டர் செய்துவந்ததால் அந்த இனத்துக்கு இந்தியப் பாகங்கள் கிடைக்கும். 4 சிலிண்டர் என்றால் பாகம் எங்கே எடுப்பது என்று முதலில் விசாரியுங்கள்.

4. கலப்பையைத் தூக்கி வைத்து எஞ்சினை நிறுத்துங்கள். கிடுகிடுவென்று இறங்கினால் ஹைட்ரோலிக்கில் வேலை இருக்கிறது.

5. சேற்று உழவு உழுத மெஷினின் பின்பக்க ஒயிலையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். அங்கேயும் தண்ணீர் நிற்கும்.

6. பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் மெஷினில் உள்ளதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். சண்டைக் காலத்தில் எஞ்சின் மாற்றியது வழமை, அது குற்றம் இல்லை. ஆனால் விற்கிறவரால் அதைச் சொல்ல முடியவேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது போன மாதத்துக் கதை. நாங்கள் பார்த்த 135 நல்ல ஓட்டம். புகை இல்லை, ஹைட்ரோலிக் அசையாமல் நின்றது. விலையும் மற்ற இடங்களை விட நன்றாகக் குறைவு. எனக்கு ஆசை வந்துவிட்டது. டாஷ்போர்டில் தகடு இல்லை, இரண்டு ஆணித்துளை மட்டும். தகடு விழுந்த மெஷின் எல்லாம் களவு மெஷின் இல்லை என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். வாப்பா எஞ்சினில் நம்பர் அடிக்கும் இடத்தை விரலால் தடவினார். அரத்தால் ராவி, மேலே புது பெயின்ற்.

விற்கிறவர் சொன்னார்: “சண்டைக்குள்ள போனது சேர். இங்க எல்லாம் இப்பிடித்தான்.”

வாப்பா ஒன்றும் பேசவில்லை. வீதிக்கு வந்த பிறகுதான் சொன்னார்: “இதுக்கும் ஒரு ஆள் புத்தகத்தை வச்சுக்கொண்டு இருப்பான் மகன்.”

அந்த ஆள் விசுவமடுவிலோ முகாமிலிருந்து திரும்பிய வேறு ஊரிலோ இருக்கலாம். அவருடைய மனைவியும் என் உம்மாவைப் போல அந்தப் புத்தகத்தைச் சுற்றி வைத்திருக்கலாம். மலிவாக வாங்கி நான் உழுதால், 1990 இல் எங்கள் முற்றத்திலிருந்து மெஷினைக் கொண்டுபோனவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய பதிவுப் புத்தகமோ ட்ரக்டரோடு எடுத்த படமோ இருந்தால் எறியாதீர்கள். எனக்கு உட்பெட்டியில் அனுப்புங்கள். பெயர், இலக்கம் எதையும் இங்கே போடமாட்டேன். பிள்ளைகளோடு சேர்ந்து இந்த மெஷின்களின் கதையை எழுதிவைக்க ஆசை. வாப்பாவின் புத்தகம்தான் முதலாவது.

இந்தக் காலபோகத்துக்கு எங்கள் வயலை வாடகை மெஷின்தான் உழும். எல்லோருக்கும் நல்ல விளைச்சல் கிடைக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.