கொரானாவின் இன்னொரு பாதி: சிவப்பணுச் சவ்வும் வெளிச்சமும்

ஹர் கோவிந்த் கொரானா (வைரஸ் இல்லைங்க, விஞ்ஞானி) என்றால் நம்ம பாடப்புத்தகம் மரபுக் குறியீடு, 1968 நோபல் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அதுக்கப்புறம் எம்ஐடியில் அவர் பல வருஷம் செல் சவ்வைத் துருவிக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ அந்தப் பாதிதான் சுவாரஸ்யம்.

சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதில் புரதங்கள் செருகி நிற்கின்றன. ஒரு புரதத்தின் எந்தப் பகுதி கொழுப்புக்குள் புதைந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சோதித்துப் பார்க்க வசதியானது நம்ம ரத்தச் சிவப்பணு. உட்கரு கிடையாது, உள்ளே வேறு சவ்வும் கிடையாது. உடைத்து ஹீமோகுளோபினைக் கழுவிவிட்டால் மிஞ்சுவது வெறும் சவ்வு. ஆய்வகத்தில் அதுக்குப் பேரே 'கோஸ்ட்', அதாவது பேய்!

அடையாளம் வைக்க ஒளியுணர் சேர்மங்கள் வந்தன. இருட்டில் சும்மா இருக்கும். வெளிச்சம் பட்டதும் நைட்ரஜனை உதறிவிட்டு, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு விளக்கைப் போடலாம் என்பதுதான் இதில் விசேஷம். 1974இல் ஸ்டாரோஸும் ரிச்சர்ட்ஸும் முழுச் சிவப்பணுக்களில் இதைச் செய்தார்கள். 0 டிகிரியில் அந்தச் சேர்மம் உள்ளே போகாது, வெளிப்புறப் புரதங்களில் மட்டும் ஒட்டும். 37 டிகிரியில் உள்ளே நுழைந்துவிடும். அதை வைத்து அடுத்த வருஷமே உட்புறத்தையும் குறித்துவிட்டார்கள்.

கொரானா இன்னும் ஒருபடி போனார். சேர்மத்தைக் கொழுப்பு மூலக்கூறின் வாலிலேயே கட்டிவிட்டார். பி. சக்ரவர்த்தியோடு எழுதிய முதல் கட்டுரை 1975இல் வந்தது. 1982இல் ராஸ், ராதாகிருஷ்ணன், ராப்சன் ஆகியோருடன் சிவப்பணுவின் கிளைக்கோஃபோரின் ஏ புரதத்தில் சோதித்தார். மொத்தம் 131 அமினோ அமிலங்கள். அதில் ஒரு வகை அடையாளம் முக்கியமாக ஒட்டியது 70ஆவது இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலத்தில். கொழுப்பை விரும்பும் நீளமான பகுதியோ அதைத் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது!

ஒளி பட்டதும் உருவாகும் கார்பீனுக்கு அமிலம் என்றால் தனிப் பிரியம். ஆக, அடையாளம் விழுந்த இடம் 'இது பக்கத்தில் இருந்தது' என்று மட்டும் சொல்லவில்லை, 'இது எனக்குப் பிடித்தது' என்றும் சேர்த்தே சொல்கிறது. இரண்டையும் பிரித்துப் படிக்கணும். அடையாளம் விழாத இடத்தில் கொழுப்பே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

இந்த ஒளியுணர் கொழுப்புகளைக் கொரானாவுடன் தயாரித்தவர்களில் சி. எம். குப்தாவும் ஒருவர். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த பிறகும் அவர் சிவப்பணுவை விடவில்லை. மலேரியா ஒட்டுண்ணி புகுந்த குரங்குச் சிவப்பணுக்களில், சவ்வின் இரண்டு அடுக்குக்கும் இடையே கொழுப்புகளின் பங்கீடு மாறுவதை 1981இல் சயின்ஸ் இதழில் எழுதினார்.