இலங்கைப் போர்த்துக்கேய கிரியோல் மொழி

இலங்கைப் போர்த்துக்கேய கிரியோல் மொழி என்பது, போர்த்துக்கேய மொழிக்கும் இலங்கையின் மொழிகளுக்கும் ஏற்பட்ட தொடர்பினால் உருவான ஒரு கிரியோல் மொழி ஆகும். இது இன்று பெரும்பாலும் மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய பகுதிகளில் வாழும் பறங்கியர் சிலரால் பேசப்படுகிறது. இதன் சொற்களிற் பெரும்பாலானவை போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. சொற்றொடர் அமைப்போ தமிழை ஒத்தது. கிரியோல் மொழியொன்றின் அமைப்பை அதனைப் பேசுவோரின் சமூகச் சூழல் எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

1505ல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்களிடையே இம்மொழி நிலைபெற்றது. 1658ல் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்ற பின்னரும் இது மறையவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் பல இனத்தவருக்கும் பொதுவான தொடர்பு மொழியாக விளங்கியதுடன், ஒல்லாந்தக் குடும்பங்களின் வீடுகளிலும் பேசப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியில் ஆங்கிலம் அந்த இடத்தைப் பெற்றதால், இதன் பயன்பாடு படிப்படியாகச் சுருங்கியது.

சமூகச் சூழலும் மொழியமைப்பும்

எயிட்டி போன்ற தோட்டக் குடியேற்றங்களில் பல மொழிகளைப் பேசிய அடிமைகள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். அங்கே எல்லோருக்கும் பொதுவான தாய்மொழி இருக்கவில்லை. மட்டக்களப்பு நிலைமை இதிலிருந்து வேறுபட்டது. தச்சு, கொல்லு முதலிய தொழில்களைச் செய்துவந்த சிறிய பறங்கியர் சமூகம், தமிழ் பேசுவோர் நடுவில் இருமொழியாளராகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. இதன் விளைவாகப் பின்வரும் மாற்றங்கள் ஏற்பட்டன:

* போர்த்துக்கேய மொழியில் வினை, செயப்படுபொருளுக்கு முன் வரும். இம்மொழியில் தமிழிற் போல வினை இறுதியில் வருகிறது.
* "பரா" என்னும் போர்த்துக்கேய முன்னிடைச்சொல் "ப" எனக் குறுகி, தமிழின் "கு" உருபைப் போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறது.
* காலங்காட்டும் "ட" (நிகழ்காலம்), "ஜா" (இறந்தகாலம்), "லோ" (எதிர்காலம்) ஆகியவை மட்டும் வினைக்கு முன்னரேயே வருகின்றன. தமிழில் இவை வினையடிக்குப் பின் வருவன.

19ஆம் நூற்றாண்டில் அச்சான சமய நூல்களின் மொழி, போர்த்துக்கேய மொழியின் சொல்லொழுங்கிற்கு நெருக்கமானது. ஆகவே எழுத்து வழக்கிலிருந்து வீட்டுப் பேச்சு வழக்கு பெரிதும் விலகியிருந்தது எனலாம்.

இன்றைய நிலை

வெளிநாடுகளுக்குக் குடிபெயர்வு, தமிழ்வழிக் கல்வி, கலப்புமணம் ஆகியவற்றால் பேசுவோர் தொகை குறைந்துவந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, மட்டக்களப்பின் கரையோரத்தில் வாழ்ந்த பறங்கியரைக் கடுமையாகத் தாக்கியது. இளையோர் பலர் தமிழையே முதன்மொழியாகக் கொண்டுள்ளனர். எந்த அயலுறவு இம்மொழிக்கு இன்றைய வடிவத்தைத் தந்ததோ, அதுவே இதன் மறைவுக்கும் வழிவகுத்து வருகிறது.

இவற்றையும் பார்க்க

* கிரியோல் மொழி
* பிட்ஜின் மொழி
* இலங்கைப் பறங்கியர்